ஏற முடியாதவருக்கும் ஒரு வண்டி

பிரஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில் ஒரு விசித்திரமான வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அதற்குக் குதிரை கிடையாது, மாடும் கிடையாது. முன்னால் நின்று இழுப்பவரும் கிடையாது. வண்டிக்காரர் பின்னால் நின்று தள்ளுவார். உள்ளே உட்கார்ந்திருப்பவர் கையில் நீளமான ஒரு பிடி இருக்கும். அதைத் திருப்பி முன் சக்கரத்துக்கு வழி காட்டுவது பிரயாணியின் வேலை!

பிரஞ்சு மொழியில் ‘பூஸ்’ என்றால் ‘தள்ளு’ என்று பொருள். வண்டிக்குப் பெயரே ‘பூஸ் பூஸ்’. அதாவது ‘தள்ளு தள்ளு’. எல்லைக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரர் சீமையில் ரிக்ஷாவை இழுத்தார்கள். இந்தப் பக்கம் பூஸ் பூஸைத் தள்ளினார்கள். ஆட்சி வேறானாலும் வியர்வை ஒன்றுதான்.

மனிதனை மனிதன் இழுக்கும் அந்தக் கொடுமை ஒழிந்தது நல்லதே. தமிழ்நாட்டில் 1970-களின் முற்பகுதியில் அரசாங்கமே கை ரிக்ஷாவை ஒழித்து, இழுத்துப் பிழைத்தவர்களுக்கு சைக்கிள் ரிக்ஷா கொடுத்தது. பிறகு ஆட்டோ வந்தது. இப்போது மின்சார ஆட்டோவும் வந்துவிட்டது. வேகம் கூடியது. பாரம் சுமந்த தோள்களுக்கும் ஓய்வு கிடைத்தது.

ஆனால் இந்த முன்னேற்றத்தில் ஒரு சிறு சௌகரியத்தை நாம் வழியில் தவறவிட்டோம்.

குனிந்த வண்டி

கை ரிக்ஷாவைப் பழைய படங்களில் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். பிரயாணி ஏறும்போது, இழுப்பவர் இரண்டு கைக்கட்டைகளையும் தரையில் வைத்துவிடுவார். உடனே வண்டி முன்பக்கமாகக் குனியும். கால் வைக்கும் பலகை தரைக்கு அருகே வந்துவிடும். நடை தளர்ந்த பாட்டியும் சிரமமில்லாமல் உட்கார்ந்துகொள்ளலாம். ஏறியவருக்காக ஓர் ஏழை தன் முதுகை வளைத்தார் என்பது உண்மைதான். என்றாலும், ஏறுபவருக்காக வண்டி குனிந்தது என்பதும் உண்மை.

மோட்டார் வண்டி குனியவில்லை. “நீ ஏறி வா!” என்கிறது.

நகரப் பேருந்துகளுக்கு மத்திய அரசு வகுத்த விவரக் குறிப்பைப் பாருங்கள். சாதாரண பஸ்ஸின் தளம் தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரம். நடுத்தரம் 65 சென்டிமீட்டர். தாழ்தள பஸ் என்பது 40 சென்டிமீட்டர். இளைஞனுக்கு இவை வெறும் எண்கள். மூட்டு வலிக்காரருக்கு அவை மலை. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கோ 40 சென்டிமீட்டரும் ஒன்றுதான், 90 சென்டிமீட்டரும் ஒன்றுதான். சாய்தளம் இல்லாவிட்டால் இரண்டும் மூடிய கதவே!

2011 மக்கள் தொகைக் கணக்கின்படி இந்தியாவில் மாற்றுத் திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். அவர்களோடு முதியவர்களையும், நிறைமாதக் கர்ப்பிணிகளையும், கால் முறிந்து கட்டுப் போட்டிருப்பவர்களையும் சேர்த்துப் பாருங்கள். நம்மில் யாரும் என்றைக்காவது ஒரு நாள் அந்தக் கணக்கில் சேராமல் தப்ப முடியாது.

ஒரு பஸ், ஒரு துணிச்சல்

“இதெல்லாம் சர்க்கார் செய்ய வேண்டிய வேலை” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது சுலபம். ஆனால் தமிழ்நாட்டின் வண்டிச் சரித்திரம் அப்படித் தொடங்கவில்லை.

1912-ஆம் ஆண்டில் டி. வி. சுந்தரம் அய்யங்கார் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டார். அப்போது அந்தச் சாலையில் ‘பஸ் பிரயாணி’ என்று ஒருவர் உண்டா? கிடையாது. மாட்டு வண்டிப் பிரயாணிதான் உண்டு. பஸ் வந்த பிறகுதான் பஸ் பிரயாணி பிறந்தார்.

1920-ல் கோவைப் பக்கத்து ஜி. டி. நாயுடு ஒரே ஒரு பஸ்ஸை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். ஓட்டலில் வேலை பார்த்து, பணம் சேர்த்து, மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கிப் பிரித்துப் பார்த்து யந்திர வித்தையைக் கற்றுக்கொண்டவர் அவர். 1933-ல் அவருடைய பஸ் கம்பெனியிடம் 280 பஸ்கள் இருந்தன.

இவர்கள் இருவரும் மோட்டாரைக் கண்டுபிடித்தவர்கள் அல்ல. தம் ஊரில் யாருக்கு எங்கே போகச் சிரமம் என்பதைக் கண்டுபிடித்தவர்கள். தொழில் அங்கேதான் தொடங்குகிறது. சிரமத்தைக் கண்டவன் முதலாளி ஆகிறான். காணாதவன் வெறும் வண்டிக்காரனாகவே நிற்கிறான்.

ஜெர்மன் பெயர், புதுச்சேரி வண்டி

புதுச்சேரியின் ‘டெம்போ’வையே எடுத்துக்கொள்ளுங்கள். டெம்போ என்பது ஜெர்மனியில் வண்டி செய்த ஒரு கம்பெனியின் பெயர். 1958-ல் பஜாஜ் டெம்போ என்ற பெயரில் இந்தியக் கம்பெனி ஏற்பட்டு, அந்த மூன்று சக்கர வண்டியை இங்கேயே செய்யத் தொடங்கியது. சரக்கு ஏற்றவும் உதவிய வண்டி அது. அதில் பலகை போட்டு, எதிரும் புதிருமாக ஆட்களை உட்கார வைத்து, தலைக்கு இவ்வளவு என்று பங்குக் கட்டணம் வாங்கும் முறையைச் சிறு வண்டிக்காரர்கள் கையாண்டார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்க நேரமில்லை, தனி ஆட்டோவுக்குக் கொடுக்கக் காசில்லை என்ற நிலையில் இருந்தவர்களுக்கு அது வரப்பிரசாதம். ‘ஷேர் ஆட்டோ’ என்று இன்று சொல்வதெல்லாம் அந்த யோசனையின் வாரிசுதான்.

தறிச் சத்தத்துக்குப் பேர் போன முத்தியால்பேட்டை இப்படிப்பட்ட சிறு வண்டிக்கென்றே அமைந்த ஊர். மணிக்கூண்டைச் சுற்றிலும் நெருக்கமான வீதிகள். பெரிய பஸ் உள்ளே நுழைய முடியாது. ஆனால் போக வேண்டிய இடங்களோ பல: பெரிய கடைக்கு, பஸ் நிலையத்துக்கு, கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனைக்கு, காலாப்பட்டில் உள்ள பல்கலைக்கழகத்துக்கு. மருத்துவமனைக்குப் போகிறவர்களில் தாமாக நடந்து ஏற முடியாதவர்களே அதிகம் இருப்பார்கள் அல்லவா? அவர்களை இரண்டு பேர் அள்ளித் தூக்கி ஆட்டோவில் திணிக்கும் காட்சி நமக்குப் பழகிப்போய்விட்டது. தூக்கப்படுகிறவருக்கு அது ஒருநாளும் பழகுவதில்லை.

கையில் வண்டி, காலடியில் படி

கைபேசி வந்த பிறகு வண்டித் தொழிலில் புதுமைக்குக் குறைவில்லை. பெங்களூரில் 2022-ல் ஆட்டோ ஓட்டுநர் சங்கமும் ஜஸ்பே என்ற கம்பெனியும் சேர்ந்து ‘நம்ம யாத்ரி’ என்ற செயலியைத் தொடங்கின. ஒவ்வொரு சவாரியிலும் கமிஷன் பிடிக்காமல், ஓட்டுநரிடம் சிறு கட்டணம் மட்டும் வாங்குவது அதன் வழி. உழைத்தவர் கையில் கூலி முழுதாக நிற்க வேண்டும் என்ற எண்ணம் பாராட்டத் தக்கது.

ஆனால் கைபேசி வண்டியை வாசலுக்குத்தான் கொண்டுவரும். வாசலில் நிற்கும் வண்டிக்குள் கொண்டுபோய் உட்கார வைக்காது. அந்தக் கடைசி ஒரு முழத்தில்தான் எல்லாம் நின்றுபோகிறது.

அந்த ஒரு முழத்தைக் கடக்க நம் நாட்டிலேயே சிலர் முயன்றிருக்கிறார்கள். பெங்களூரில் 2013-ல் தொடங்கிய ‘கிக்ஸ்டார்ட் கேப்ஸ்’ வாடகைக் கார்களை மாற்றியமைத்தது. சில கார்களில் இருக்கையே வெளிப்புறம் திரும்பிவந்து பிரயாணியை ஏற்றிக்கொள்ளும். சிலவற்றில் பின்பக்கத்துச் சாய்தளம் வழியாகச் சக்கர நாற்காலியோடு உள்ளே போகலாம்.

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியை சுஜாதா சீனிவாசனும் அவருடைய மாணவர் ஸ்வஸ்திக் தாஷும் சேர்ந்து ‘நியோமோஷன்’ என்ற சிறு கம்பெனியை ஆரம்பித்தார்கள். அவர்கள் செய்த ‘நியோஃப்ளை’ சக்கர நாற்காலி, சட்டை தைப்பதுபோல ஆளுக்கு அளவெடுத்து அமைக்கப்படுவது. அதன் முன்னால் ‘நியோபோல்ட்’ என்ற மின்சார முன்சக்கரத்தை மாட்டிவிட்டால் நாற்காலியே சாலை வண்டி ஆகிவிடும். 2021-ல் அறிமுகமான அந்த வண்டி மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் வரை போகும். யாரும் தள்ள வேண்டாம். யாரையும் கெஞ்ச வேண்டாம். பிடி பிரயாணி கையில். பூஸ் பூஸில் பிரயாணி வழி காட்டினார், தள்ள ஒரு மனிதர் வேண்டியிருந்தது. இதில் தள்ளும் வேலையை மின்சாரம் எடுத்துக்கொண்டது.

சென்னை மாநகர் போக்குவரத்துக் கழகமும் 2024-ல் தாழ்தள பஸ்களைக் கொண்டுவந்தது. அவை நிறுத்தத்தில் ஒரு பக்கமாகக் குனியும். சக்கர நாற்காலிக்குச் சாய்தளமும் உண்டு. அது தானாக வந்த கருணை அல்ல. மாற்றுத் திறனாளிகளின் உரிமைக்காகப் போராடும் வைஷ்ணவி ஜெயக்குமார் போன்றவர்கள் உயர் நீதிமன்றம் வரை சென்று வாதாடிய பிறகு வந்தது.

அந்த பஸ் பெரிய சாலைக்கு ஏற்றது. முத்தியால்பேட்டைச் சந்துக்கு வேண்டியது குனியும் ஆட்டோ.

பட்டறைக் கணக்கு

குனியும் ஆட்டோ செய்ய முடியுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சாய்தளத்துக்கு உலகெங்கும் ஒப்புக்கொண்ட விகிதம் ஒன்றுக்குப் பன்னிரண்டு. அதாவது 1 அடி உயரம் ஏற 12 அடி நீளம் வேண்டும். ஆட்டோவின் தளம் 30 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும் சாய்தளம் 3 மீட்டர் 60 சென்டிமீட்டர் நீள வேண்டும். அதை நம் சந்தில் விரித்தால் எதிர் வீட்டுத் திண்ணையில் போய் முட்டும்!

எனவே முதலில் தளத்தைத் தாழ்த்த வேண்டும். 15 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் சாய்தளம் பாதியாகிவிடும். ஓட்டுநர் பின்னாலிருந்து தள்ளிக் கொடுப்பதாக இருந்தால் இன்னும் சற்றுச் செங்குத்தாகவும் வைத்துக்கொள்ளலாம். உள்ளே போன நாற்காலி உருளாமல் நான்கு மூலையிலும் பட்டை போட்டுக் கட்ட வேண்டும்.

பெட்ரோல் ஆட்டோவில் பின்பக்கத்தை எஞ்சின் அடைத்துக்கொண்டிருக்கிறது. அங்கே வாசல் வைப்பது கஷ்டம். மின்சார வண்டியிலோ மோட்டார் சிறியது. மின்கலத்தை ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே வைக்கலாம், பக்கவாட்டிலும் வைக்கலாம். ஆகவே, வண்டிகள் பெட்ரோலிலிருந்து மின்சாரத்துக்கு மாறும் இந்தக் காலமே பின்வாசல் திறப்பதற்குத் தக்க காலம். இப்போது விட்டுவிட்டால், பழைய படியையே புது வண்டியிலும் பொருத்தி இன்னும் பல வருஷங்கள் ஓட்டிக்கொண்டிருப்போம்.

வண்டியைத் தாழ்த்த முடியாத இடத்தில் தரையை உயர்த்தலாம். பிரேசில் நாட்டில் குரிடிபா என்ற நகரம் உண்டு. 1991-ல் அங்கே பஸ் தளத்தின் மட்டத்துக்கே நிறுத்த மேடையை உயர்த்திவிட்டார்கள். படியே இல்லாமல் போயிற்று. மணிக்கூண்டு ஆட்டோ நிறுத்தத்தில் அப்படி ஒரு சிறு மேடை கட்ட எத்தனை செங்கல் ஆகும்? நகராட்சி மனம் வைத்தால் ஒரு வாரத்து வேலை.

சட்டமும் எல்லையும்

சட்டம் குறுக்கே நிற்கவில்லையா என்று கேட்கலாம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41-வது பிரிவு, எல்லா வகை வண்டிகளிலும் அவர்கள் பிரயாணம் செய்ய வசதி செய்ய வேண்டும் என்கிறது. முடிந்த இடங்களில் பழைய வண்டிகளையும் மாற்றியமைக்கச் சொல்கிறது. அதற்கான சலுகைத் திட்டங்களையும் வகுக்கச் சொல்கிறது. இத்தகைய வசதி விதிகளை வெறும் சிபாரிசாக வைத்துக்கொள்ளக் கூடாது, கட்டாயமாக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்பளித்தது.

ஆனால் பட்டறைக்காரருக்கு வேறொரு சங்கடம் உண்டு. கம்பெனி செய்து அனுப்பிய வண்டியின் அமைப்பை இஷ்டப்படி மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் இடம் கொடுக்காது. பாதுகாப்பை நினைத்தால் அது நியாயமே. டில்லியில் மின்சார ரிக்ஷாக்கள் விதிமுறை இல்லாமல் பெருகியபோது 2014 ஜூலையில் உயர் நீதிமன்றம் அவற்றுக்குத் தடை போட்டது. அதன் பிறகே விதிகள் வந்தன: நான்கு பிரயாணிகள், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் என்று வரம்பு கட்டினார்கள். 2015-ல் சட்டமும் திருத்தப்பட்டது. முதலில் தேவை, பிறகு தடை, அப்புறம் விதி! இந்த வரிசையை நாம் தலைகீழாக மாற்றலாம். அதிகாரிகளே முன்வந்து ஒரு மாதிரி அமைப்பைச் சோதித்து அங்கீகரித்துவிட்டால், ஒவ்வொரு பட்டறைக்காரரும் தனித்தனியாக அலுவலகப் படி ஏற வேண்டியதில்லை.

இன்னொரு தடை முத்தியால்பேட்டைக்கே உரியது. ஊரைத் தாண்டி வடக்கே போனால் கோட்டக்குப்பம். அது தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். அதையும் தாண்டினால் காலாப்பட்டு, மறுபடியும் புதுச்சேரி! ஒரு மாநிலத்து பெர்மிட் மறு மாநிலத்தின் மேலொப்பம் இல்லாமல் அங்கே செல்லாது என்பது சட்டம். பூஸ் பூஸ் காலத்து எல்லைக் கோடு இன்றும் ஆட்டோவின் குறுக்கே கிடக்கிறது. 2018-ல் மத்திய அரசு மின்கல வாடகை வண்டிகளுக்கு பெர்மிட் தேவையில்லை என்று அறிவித்தது ஒரு பெரிய உதவி. சாய்தளம் உள்ள வண்டி எல்லையில் தடையின்றிப் போய்வர இரு அரசாங்கங்களும் கூடிப் பேசி ஒரு வழி செய்யலாம். நோயாளிக்கு மாநில எல்லை தெரியாது.

“நஷ்டம் யாருக்கு?”

“எல்லாம் சரி. சக்கர நாற்காலியில் எத்தனை பேர் வரப் போகிறார்கள்? வண்டி காலியாக நின்றால் தவணை யார் கட்டுவது?” என்று ஆட்டோக்காரர் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். கடன் வாங்கி வண்டி ஓட்டுகிறவருக்குத் தர்மம் உபதேசிப்பது அழகல்ல.

அவருக்கு நாம் சொல்லும் பதில் இரண்டு.

ஒன்று: வீதியில் காணவில்லை என்பதால் அவர்கள் ஊரில் இல்லை என்று அர்த்தமல்ல. ஏற வண்டி இல்லாததால் வீட்டில் இருக்கிறார்கள். 1912-ல் பஸ் பிரயாணியைத் தேடியிருந்தால் சுந்தரம் அய்யங்காருக்கு ஒருவர்கூட அகப்பட்டிருக்க மாட்டார்.

இரண்டு: சாய்தளம் உள்ள வண்டியில் மற்றவர்கள் ஏறக் கூடாது என்று யார் சொன்னது? மடக்கும் இருக்கை வைத்தால், நாற்காலிக்காரர் இல்லாத நேரத்தில் அது சாதாரண ஷேர் ஆட்டோ. தாழ்ந்த தளம் பாட்டிக்கு வசதி, பிள்ளைத்தாய்ச்சிக்கு வசதி, நூல் மூட்டையோடு வரும் நெசவாளிக்கும் வசதி. லண்டன் நகரத்தில் 2000-ஆம் ஆண்டு முதல் கறுப்பு டாக்ஸிகள் எல்லாமே சக்கர நாற்காலி ஏறும்படி இருக்க வேண்டும் என்று விதி செய்தார்கள். அதனால் டாக்ஸித் தொழில் படுத்துவிடவில்லை. எல்லோரும் ஏறும் வண்டியில் சவாரி குறைய நியாயமில்லை.

என்றாலும் முதல் அடி எடுத்து வைப்பவருக்குக் கைகொடுக்க வேண்டும். மின்கலத்துக்கு மானியம் தந்த அரசாங்கம், சாய்தளத்துக்கும் தரட்டும். கூட்டுறவு வங்கிகள் அத்தகைய வண்டிக்கு வட்டியைக் குறைக்கட்டும். காலாப்பட்டுப் பக்கத்திலேயே தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே படிக்கும் மாணவர்கள் கடைசி வருஷத்துச் செய்முறை வேலைக்கு வெளிநாட்டுப் புத்தகத்தில் விஷயம் தேட வேண்டாம். ஊர்ப் பட்டறை மேஸ்திரியோடு உட்கார்ந்து இந்த ஒரு முழத்துக்கு வழி தேடட்டும். மாணவரிடம் கணக்கு இருக்கிறது. மேஸ்திரியிடம் கை இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் வண்டி தயார்.

நூற்றுக்கணக்கில் வேண்டாம். முதலில் ஐந்து வண்டிகள் போதும். மணிக்கூண்டுக்கும் ஜிப்மருக்கும் இடையே, மற்ற ஆட்டோவுக்கு உள்ள அதே கட்டணத்தில், குறித்த நேரத்தில் ஓடட்டும். ஆறு மாதம் கணக்குப் பார்க்கட்டும். குறைகள் இருந்தால் திருத்திக்கொள்ளட்டும். நாயுடு ஒரே ஒரு பஸ்ஸில்தான் ஆரம்பித்தார்!

ஊருக்கு எத்தனை வண்டி இருக்கிறது என்று எண்ணுவது ஒரு கணக்கு. அந்த வண்டிகளில் எத்தனை பேரால் ஏற முடியாது என்று எண்ணுவது மற்றொரு கணக்கு. இரண்டாவது கணக்கைப் போடத் துணிகிற முதலாளி முத்தியால்பேட்டையிலிருந்தே புறப்பட வேண்டும். அவரை வாழ்த்த ஊர் காத்திருக்கிறது. ஏறிக்கொள்ளப் பிரயாணியும் காத்திருக்கிறார்.